திருகோணமலைச் சூட்டில் நடுத்தர கிராபிக்ஸ் கார்ட்: 4060, 5060, பாவித்த 3060, எது பெறுமதி?

பாலையூற்று_பிசி:
இப்போது இருக்கிற மெஷின்: ரைசன் 5 3600, பி450 மதர்போட், 16 ஜிபி டிடிஆர்4, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேஸிங், அதோடு சேர்ந்து வந்த "500 வொட்" பவர் சப்ளை. மொனிட்டர் 1080பி, 75 ஹேர்ட்ஸ். அறையில் ஏசி இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரத்தில் உள்ளே 33, 34 டிகிரி நிற்கும். பெரும்பாலும் கேம், இடைக்கிடை கலியாண வீடியோ எடிட்டிங். பார்த்து வைத்திருப்பவை புது ஆர்டிஎக்ஸ் 4060, புது ஆர்டிஎக்ஸ் 5060, பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. யூடியூப் ரிவியூக்களில் எல்லாமே 65 டிகிரி சுற்றுவட்டத்தில் ஓடுகின்றன. இங்கேயும் அப்படி ஓடுமா? எதில் காசைப் போடலாம்?

டொக்யார்ட்_டெல்டா:
ஓடாது தம்பி. ரிவியூ செய்கிறவர்களின் அறை அநேகமாக 20, 22 டிகிரி. கூலர் செய்கிற வேலை, சிப்பை அறைக்காற்றைவிட இத்தனை டிகிரிக்கு மேல் போகவிடாமல் பிடித்து வைப்பது. அறை 12 டிகிரி கூடினால், ஃபான் அதே வேகத்தில் சுற்றும்வரை சிப்பும் 12 டிகிரி கூடும். அதனால் ரிவியூவில் 65 என்று கண்டால் அதிலிருந்து அந்த அறையின் 21ஐக் கழித்து 44 என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த 44தான் கூலரின் தரம். உங்கள் அறையின் 33ஐக் கூட்டினால் 77 வரும். நடைமுறையில் திரையில் 72, 73 காட்டலாம், ஏனென்றால் சூட்டைக் கண்டதும் ஃபான் வேகம் ஏறிவிடும். அந்த நாலைந்து டிகிரிக்கு நீங்கள் சத்தத்தால் விலை கொடுக்கிறீர்கள். அறை வெப்பத்தைச் சொல்லாத ரிவியூவின் சூட்டுக் கணக்கை அப்படியே விட்டுவிடுங்கள், அதை வைத்து இங்கே எதையும் தீர்மானிக்க முடியாது.

இன்னொரு கணக்கும் வைத்திருங்கள். ஒரே கூலர், ஒரே ஃபான் வேகம் என்றால் இந்த மேலதிக டிகிரி ஏறக்குறைய வொட்டுக்கு நேர் விகிதம். 115 வொட்டில் 44 என்றால் 95 வொட்டில் 36. ஆகவே இங்கே கார்ட் தெரிவு செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது வொட். 4060க்கு 115, 5060க்கு 145, 3060க்கு 170. 4060க்கு இரண்டு ஃபான் கூலர் தாராளம். அதில் மூன்று ஃபானுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். 160, 180 வொட் போகும் கார்ட்களில்தான் தடித்த ஹீட்சிங்க், மூன்று நான்கு ஹீட்பைப், நீளமான கூலர் எல்லாம் காசுக்குப் பலன் தரும்.

சீனன்குடா_ஹேர்ட்ஸ்:
அண்ணா சொல்வது சரி. ஆனால் தம்பியின் கேஸிங்கைப் பற்றி யாரும் கதைக்கவில்லையே. முன்பக்கம் கண்ணாடி என்றால் காற்று பக்கவாட்டு இடுக்கால்தான் உள்ளே போகும். எந்தக் கார்டைப் போட்டாலும் அது அறைக்காற்றை இழுக்காது, கேஸிங்குக்குள் ஏற்கெனவே சூடான காற்றைத்தான் இழுக்கும்.

சோதனை எளிது. கேமை அரை மணித்தியாலம் ஓடவிட்டு சூட்டைக் குறியுங்கள். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, அதே இடத்தில், அதே செட்டிங்கில் இன்னொரு அரை மணித்தியாலம். வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரி என்றால் கேஸிங் பரவாயில்லை. ஏழெட்டுக்கு மேல் விழுந்தால் கார்டில் குறையில்லை, கேஸிங் மூச்சுத் திணறுகிறது. அப்போது முன்னுக்கு வலைபோட்ட கேஸிங் ஒன்றும், 120 மில்லிமீற்றர் ஃபான் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்றும் போதும். விலை கூடிய கூலர் உள்ள கார்டுக்குக் கொடுக்கும் வித்தியாசத்தில் இது அநேகமாக முடிந்துவிடும். தகட்டை நிரந்தரமாகத் திறந்து விடாதீர்கள். எறும்பும் பல்லியும் உள்ளே போகும். பல்லி எச்சம் போர்டில் விழுந்தால் தடம் அரித்துப்போகும்.

கிண்ணியா_பிரேம்:
சூட்டைவிட உங்களுக்கு முக்கியமான விஷயம் பி450. அது பிசிஐஇ 3.0, அதாவது கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதையின் பழைய தலைமுறை. 4060, 5060 இரண்டும் எட்டு லேன் (தரவு போகும் தடம்) கார்ட்கள். 3.0இல் எட்டு லேன் என்றால் ஒரு திசைக்கு செக்கனுக்குச் சுமார் 7.9 ஜிபி. புது போர்டில் 4060 ஓடினால் இதன் இரட்டிப்பு கிடைக்கும். கேமுக்குத் தேவையான டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) எல்லாம் கார்டின் 8 ஜிபிக்குள் அடங்கும்வரை இழப்பு சில சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. 8 ஜிபி நிரம்பி வழிய ஆரம்பித்த பிறகுதான் வினை: மிச்சத்தை ராமிலிருந்து இந்த ஒடுங்கிய பாதையால் இழுக்க வேண்டும். சராசரி எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை படம்) நல்லாகத் தெரியும், ஆனால் திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் படம் வெட்டி வெட்டி வரும்.

இதைக் கண்டுபிடிக்க டாஸ்க் மனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து, "ஷெயார்ட்" நினைவகம் என்ற வரியைப் பாருங்கள். கேம் ஓடும்போது அது சில நூறு எம்பியில் நின்றால் கவலையில்லை. ஒன்று, ஒன்றரை ஜிபி என்று ஏறிக்கொண்டே போனால் டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்குங்கள். 1080பியில் இந்த இரண்டுக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது.

3060 12 ஜிபி 16 லேன் கார்ட், நினைவகப் பாதை 192 பிட். பி450க்குப் பொருந்துகிறது. வேகத்தில் 4060 அதைவிட 1080பியில் சுமார் 20 சதவீதம் மேலே, 5060 அந்த 4060ஐவிட மீண்டும் சுமார் 20 சதவீதம் மேலே. ஆனால் கையில் கொஞ்சம் கூடக் காசிருந்தால் பட்டியலில் இன்னொன்றைச் சேருங்கள்: ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. 2025 ஜூனில் வந்தது, 160 வொட், 16 லேன் முழுதாக இருக்கிறது. பழைய போர்ட் வைத்திருப்பவருக்கு நடுத்தர விலையில் இதைவிடப் பொருத்தமான புதுக் கார்ட் இல்லை என்பது என் கருத்து. இன்டெல் ஆர்க் பி580 மலிவென்று யாராவது சொன்னால் 3600 உடன் எடுக்காதீர்கள். அதன் ட்ரைவர் சிபியுவுக்குக் கொடுக்கும் சுமை கூட, பழைய ரைசனில் எஃப்பிஎஸ் நன்றாக விழும்.

டொக்யார்ட்_டெல்டா:
பிரேம் நானா, 9060 எக்ஸ்டி நல்ல கார்ட்தான், மறுக்கவில்லை. ஆனால் தம்பியின் மொனிட்டர் 75 ஹேர்ட்ஸ். அதில் செக்கனுக்கு 75 படத்துக்கு மேல் ஏறாது. 3600 சிபியுவும் பல கேம்களில் 5060ஐயே முழுதாக ஓடவிடாது. விசிங்க்கை (படத்தை மொனிட்டரின் வேகத்தோடு கட்டும் செட்டிங்) நிறுத்திவிட்டு ஓடும்போது ஜிபியு பாவனை 95 சதவீதத்துக்குக் கீழே நின்றால் சிபியுதான் இழுத்துப் பிடிக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் கூடுதல் கார்டுக்குக் கொடுத்த காசு சும்மா நிற்கும்.

கிண்ணியா_பிரேம்:
சிபியுவைப் பிறகு மாற்றலாம்தானே. அதே பி450இல் பயோஸ் அப்டேட் செய்து ரைசன் 5 5600 போட முடியும். மொனிட்டரும் மாறும். கார்டை நாலைந்து வருடம் வைத்திருக்கப்போகிறவர் இன்றைய மொனிட்டரை வைத்துத் தெரிவு செய்தால் இரண்டாம் வருடம் 8 ஜிபி கழுத்தைப் பிடிக்கும். நினைவகத்தைப் பிறகு கூட்ட வழியில்லை.

டொக்யார்ட்_டெல்டா:
நாலு வருடம் வைத்திருப்பவருக்கு உங்கள் வாதம் சரி. இரண்டு வருடத்தில் விற்று மாற்றுகிறவருக்கு 4060. தம்பி எந்த வகை என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

உப்புவெளி_எடிட்:
எடிட்டிங் பக்கத்தையும் பார்ப்போம். கலியாண வீடியோ எந்தக் கமராவில் வருகிறது? 4:2:0 8 பிட் (நிற விவரம் குறைந்த சாதாரணப் பதிவு) என்றால் இந்தக் கார்ட்களில் எதுவும் போதும். சொனி போன்ற கமராக்களில் 4:2:2 10 பிட் (நிற விவரம் கூடிய பதிவு) எச்265இல் எடுத்து வந்தால் கதை வேறு. அதை வன்பொருளிலேயே டிகோட் செய்யும் வசதி என்விடியாவில் 50 வரிசையில்தான் வந்தது; 3060க்கும் 4060க்கும் இல்லை. இன்டெல்லின் உள்ளிணைந்த ஜிபியு 11ஆம் தலைமுறையிலிருந்து செய்யும், ஆனால் ரைசன் 3600இல் உள்ளிணைந்த ஜிபியுவே கிடையாது. ஆகவே 4060 போட்டாலும் டைம்லைனை இழுக்கும்போது 3600இன் ஆறு கோர்களும் நிரம்பி வழியும். 5060 போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். எடிட்டிங் மென்பொருளும் புதுப் பதிப்பாக இருக்க வேண்டும், பழையதில் இந்த வசதி எழும்பாது. கார்ட் மாற்ற விருப்பமில்லை என்றால் புரொக்ஸி (தரம் குறைத்த நகல்) செய்து எடிட் பண்ணலாம், ஆனால் அது ஒவ்வொரு வேலைக்கும் மேலதிக நேரம்.

ஏவி1 என்ற வீடியோ வடிவில் எக்ஸ்போர்ட் வேண்டுமென்றால் 3060ஐ மறந்துவிடுங்கள். அது ஏவி1 பார்க்கும், எழுதாது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பெரிய சீன் வைத்திருப்பவருக்கு மட்டும் 3060இன் 12 ஜிபி இன்னும் மதிப்பானது.

பாலையூற்று_பிசி:
நன்றி எல்லோருக்கும். கமரா 4:2:2 10 பிட்தான். கார்டை மூன்று நான்கு வருடம் வைத்திருப்பேன். பவர் சப்ளை பற்றி ஒருவரும் சொல்லவில்லை. 500 வொட் என்று எழுதியிருக்கிறது, 5060க்குப் போதுமா?

சீனன்குடா_ஹேர்ட்ஸ்:
பெட்டியில் எழுதியிருக்கும் 500ஐ விடுங்கள். பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் நிரலுக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 12ஆல் பெருக்கினால் உண்மையான வொட். 38 அம்பியர் என்றால் 456 வொட், நல்லது. "500 வொட்" என்று எழுதிவிட்டு 12 வோல்ட்டில் 20 அம்பியர் மட்டும் போட்டிருந்தால் அது 240 வொட் சப்ளை. கேஸிங்கோடு வருகிறவற்றில் இது அடிக்கடி உண்டு.

உங்கள் தேவை பெரிதல்ல: 5060க்கு 145, 3600க்கு அதிகபட்சம் 88, போர்ட், ராம், எஸ்எஸ்டி, ஃபான் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 280 சொச்சம். என்விடியா 550 வொட் என்று சொல்வது கண நேரத்தில் எழும்பும் உச்சத்துக்கும் மட்டமான சப்ளைகளுக்கும் சேர்த்து வைத்த இடைவெளி. நம்பகமான 550 வொட், 80 பிளஸ் பிரொன்ஸ் (செயல்திறன் தரம்) சப்ளை ஒன்று போதும். எட்டுப் பின் வயர் இல்லை என்று மொலெக்ஸிலிருந்து (பழைய நாலு பின் இணைப்பு) மாற்றும் கொக்கியைக் கடையில் தந்தால் வாங்காதீர்கள். அந்த மெல்லிய வயரும் கொக்கியும் அத்தனை கரண்டைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல, உருகும்.

கேம் ஓடும்போது ஹெச்டபிள்யுஇன்ஃபோ என்ற அளவீட்டு மென்பொருளில் 12 வோல்ட் 11.4க்குக் கீழே விழுகிறதா என்று பாருங்கள். சில போர்டில் அந்த சென்சார் பிழையாகக் காட்டும், சந்தேகம் வந்தால் மல்டிமீற்றரால் அளவுங்கள். உண்மையிலேயே விழுந்தால் சப்ளையை மாற்றும்வரை கார்டைப் போட வேண்டாம். யூபிஎஸ் 650 விஏ என்றால் உண்மையில் 360 வொட் சுற்றுவட்டம்தான் தரும். கரண்ட் போனதும் கேமை மூடி, சேவ் பண்ணி, மெஷினை நிறுத்துவதற்கு மட்டும்.

நிலாவெளி_உப்பு:
கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, அதை எந்த ரிவியூவும் சொல்லாது. உப்புத்தூள் காற்றோடு வந்து ஹீட்சிங்க் தகடுகளில் படியும். சோடியம் குளோரைட் காற்றின் ஈரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையும். இங்கே இரவிலும் விடியற்காலையிலும், மாரி மாதங்களில் நாள் முழுக்கவும், அந்த அளவு சர்வசாதாரணம். மெஷின் ஓடும்போது சூட்டால் உள்ளே காற்று உலர்ந்திருக்கும், ஆபத்துக் குறைவு. நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில்தான் அரிப்பு நடக்கிறது. கிழமைக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் மெஷின், தினம் ஓடும் மெஷினைவிட வேகமாகக் கெட்டுப்போவது இதனால்தான்.

அடையாளம்: அலுமினியத் தகட்டில் வெள்ளைப் பொடி, செப்பு ஹீட்பைப்பில் பச்சை, பின்பக்க இரும்புத் தகட்டில் துருப்புள்ளி. வாங்கும்போதே நிக்கல் பூசிய ஹீட்பைப் உள்ள கூலரைத் தெரிவு செய்யுங்கள். செப்பு வெறுமனே தெரிகிற மலிவான கூலர் இங்கே சீக்கிரம் கறுத்துப்போகும். கடலைப் பார்த்த யன்னலுக்கு நேரே மெஷினை வைக்க வேண்டாம். நிறுத்தி, ஆறிய பிறகு துணியால் மூடுங்கள். சூட்டோடு மூடக் கூடாது.

துப்பரவு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை: மென்மையான தூரிகை, காற்று ஊதி. ஊதும்போது ஃபான் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று பெயரிங் கெடும். படிந்த உப்புக்கு 99 சதவீத ஐசோபுரோபைல் மட்டும் போதாது, உப்பு அதில் அவ்வளவாகக் கரையாது. காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சால் தகட்டை மட்டும் துடைத்து, அதன்மேல் ஐசோபுரோபைலால் துடைத்தால் ஈரம் போய்விடும். சர்க்கிட் போர்டில் நீர் படக் கூடாது. ஸ்லொட்டில் இறங்கும் பொன்பூச்சு முனைகளை அழிறப்பரால் தேய்க்கும் பழக்கம் கடைகளில் உண்டு. பூச்சு தேய்ந்துவிட்டால் அதற்குப் பிறகு அரிப்பைத் தடுக்க ஒன்றுமில்லை. ஐசோபுரோபைலும் நூல் உதிராத துணியும் போதும்.

டொக்யார்ட்_டெல்டா:
அருமையான குறிப்பு. இதோடு சேர்த்து ஒன்று: இப்போதைய கார்ட்களில் சூடு 50, 55 டிகிரி வரும்வரை ஃபான் நின்றே இருக்கும். குளிர் நாட்டில் அது நல்ல வசதி. இங்கே சும்மா இருக்கும்போதே கார்ட் அந்த எல்லையில் நிற்கும், அதனால் ஃபான் நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பும், நிற்கும், எழும்பும். ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளில் ஃபான் கேர்வை (எந்தச் சூட்டுக்கு எத்தனை வேகம் என்ற கோடு) நீங்களே போட்டு, அடிமட்டத்தை 30 சதவீதமாக வையுங்கள். 60 டிகிரிக்கு 45 சதவீதம், 75க்கு 70 சதவீதம் என்ற அளவில் தொடங்கி, சத்தத்தைக் கேட்டுத் திருத்துங்கள்.

அடுத்தது அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைப்பது. இங்கே இது கட்டாயம் என்றே சொல்வேன். ஆஃப்டர்பேர்னரில் கொன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் வோல்ட்டேஜ் கேர்வ் திறக்கும். முதலில் கோர் குளொக்கை (சிப் ஓடும் வேகம்) 200 மெகாஹேர்ட்ஸ் இறக்குங்கள்; கேர்வ் முழுதாகக் கீழே வரும். பிறகு 950 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து மேலே தூக்குங்கள், 4060 என்றால் 2550 மெகாஹேர்ட்ஸில் தொடங்கலாம். அப்ளை கொடுத்தால் அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் எல்லாம் சமதரையாகிவிடும். ஒரு மணித்தியாலம் ரே ட்ரேசிங் உள்ள கேமில் ஓடவிடுங்கள். ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருள் இதற்கு உதவாது, அது பவர் எல்லையில் முட்டி குளொக்கை இறக்கிவிடும், நிலையின்மை வெளியே வராது. கேம் தானாக மூடினால் 30 மெகாஹேர்ட்ஸ் இறக்கி மறுபடி பாருங்கள். சிப்புக்குச் சிப் இது மாறும், அடுத்தவரின் எண்ணை அப்படியே போட வேண்டாம்.

75 ஹேர்ட்ஸ் மொனிட்டர் இருக்கும்வரை இன்னும் எளிய வழி, என்விடியா கொன்ட்ரோல் பனலில் அதிகபட்ச எஃப்பிஎஸ்ஸை 72க்குக் கட்டுவது. இலகுவான கேம்களில் அண்டர்வோல்ட்டைவிட இதுவே கூடுதலாகச் சூட்டைக் குறைக்கும்.

கிண்ணியா_பிரேம்:
விலையை ஒப்பிடும் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார்ட் விலையைச் சராசரி எஃப்பிஎஸ்ஸால் வகுப்பார்கள். சராசரியை விட்டு, 1 சதவீத லோ (மிக மெதுவாக வந்த 1 சதவீதப் படங்களின் வேகம்) என்று தரப்படும் எண்ணால் வகுங்கள்; கையில் உணர்வது அதைத்தான். வீட்டில் அளப்பதென்றால் கப்ஃபிரேம்எக்ஸ் என்ற அளவீட்டு மென்பொருளில் ஒரே இடத்தை 60 செக்கன்படி நாலு முறை ஓட்டி, முதலாவதை விட்டுவிடுங்கள். அதில் ஷேடர் (காட்சி வரையும் சிறு நிரல்) தொகுக்கும் வெட்டு கலந்திருக்கும். சைபர்பங்க் 2077க்குள்ளேயே பெஞ்ச்மார்க் இருக்கிறது, ஒப்பிட வசதி.

வகுக்க முதல் கார்ட் விலையோடு இங்கே கூட்ட வேண்டியவை: புது பவர் சப்ளை, கேஸிங் ஃபான், கொழும்பிலிருந்து வரும் செலவு. கரண்ட் பில்லையும் பாருங்கள். 3060க்கும் 4060க்கும் 55 வொட் வித்தியாசம். நாளுக்கு நாலு மணித்தியாலம், 30 நாள் என்றால் 6.6 யூனிட். தொகை சிறிது போலத் தெரியும், ஆனால் அது உங்கள் பில்லின் கடைசிப் படியில், விலை கூடிய யூனிட்டாக ஏறும்.

பாவித்த 3060 பார்க்கப் போகிறவர்கள் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைக் கொண்டுபோங்கள். 3584 ஷேடர் கோர், 192 பிட், 12 ஜிபி என்று மூன்றும் இருக்க வேண்டும். 128 பிட் 8 ஜிபி 3060 ஒன்றும் சந்தையில் உண்டு, பெயர் ஒன்று, வேகம் குறைவு. 20 நிமிடம் சுமையில் ஓடவிட்டு ஹொட்ஸ்பொட்டுக்கும் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) கோர் சூட்டுக்கும் இடைவெளி பாருங்கள்: 10, 15 டிகிரி சாதாரணம், 25ஐத் தாண்டினால் சிப்புக்கும் கூலருக்கும் இடையில் பூசும் பேஸ்ட் வறண்டிருக்கிறது அல்லது கூலர் சரியாக அமரவில்லை. 2022 செப்டெம்பர் வரை எதேரியம் என்ற கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடிய கார்ட்கள் அநேகம். ஃபானைக் கையால் மெல்ல அசைத்தால் ஆட்டம் தெரியும், தேர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மென்மையான பட்டை) எண்ணெய் போர்டில் கசிந்திருக்கும். இரண்டும் இருந்தால் விலை பேசவே வேண்டாம். 5060இல் இந்த ஹொட்ஸ்பொட் சோதனை செய்ய முடியாது, 50 வரிசையில் அந்த சென்சாரை மென்பொருளுக்குக் காட்டுவதில்லை.

பாலையூற்று_பிசி:
5060 பக்கம்தான் மனம் சாய்கிறது, 4:2:2க்காக. 5060 டிஐ 16 ஜிபி எட்டாது. பி450இல் போட்டால் வேறு ஏதும் சிக்கல் வருமா?

உப்புவெளி_எடிட்:
உங்கள் வேலைக்கு அதுதான் சரி. 8 ஜிபி பற்றிய பிரேம் நானாவின் எச்சரிக்கையை மறக்காமல் டெக்ஸ்சரை ஹையில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டைப் போட முதல் பயோஸைப் புதுப்பித்து, சிஎஸ்எம்மை (பழைய முறையில் மெஷினை எழும்ப விடும் செட்டிங்) நிறுத்தி, யூஈஎஃப்ஐ என்ற புது முறையில் விண்டோஸ் எழும்புகிறதா என்று பழைய கார்டிலேயே உறுதி செய்யுங்கள். 5060இல் சில போர்ட்களோடு கறுப்புத் திரை வந்ததால் என்விடியா அதற்கென்றே கார்டின் ஃபர்ம்வெயர் அப்டேட் ஒன்றை வெளியிட்டது. பழைய கார்ட் ஏஎம்டி என்றால் ட்ரைவரை டிடியு என்ற மென்பொருள் கொண்டு சேஃப் மோடில் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

சீனன்குடா_ஹேர்ட்ஸ்:
காசு கொடுக்க முதல் வாரண்டிச் சீட்டை வாசியுங்கள் தம்பி. மூன்று விஷயம். வருடம் என்று எழுதியிருந்தாலும் கீழே சிறு எழுத்தில் ஒரு வருடம் 350 நாள் என்று போட்டிருக்கும் கடைகள் உண்டு. துரு, எரிந்த தடம் இருந்தால் வாரண்டி இல்லை என்ற வரி அநேகமாக இருக்கும். கரையோரத்தில் இருப்பவருக்கு இது பெரிய ஓட்டை, அதனால் பெட்டியைத் திறந்த அன்றே தகடு, முனை, சீரியல் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். மூன்றாவது, கூலர் திருகின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பேஸ்ட் மாற்றத் திறக்க முதல் கடையிடம் எழுத்தில் கேளுங்கள்.

வாரண்டி முடிந்த பிறகு பேஸ்ட் மாற்றும்போது இந்தச் சூட்டில் நீர்த்த பேஸ்ட் சிப்பிலிருந்து பக்கங்களுக்குத் தள்ளுப்பட்டுவிடும். தடித்த பேஸ்ட் அல்லது பிடிஎம்7950 என்ற சூடு கடத்தும் தாள் போடுங்கள். பேட் மாற்றுவதென்றால் பழைய பேடின் தடிப்பை அளந்து அதே அளவே வாங்குங்கள். அரை மில்லிமீற்றர் தடித்துவிட்டால் கூலர் சிப்பில் அமராது, நினைவகம் குளிர்ந்து சிப் வேகும்.